மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்

டாக்காவில் உள்ள காலரா மருத்துவமனையில் ஒரு விசித்திரமான கட்டில் உண்டு. சாதாரணக் கட்டில்தான், ஆனால் நடுவில், நோயாளியின் இடுப்பு வரும் இடத்தில், ஒரு வட்ட ஓட்டை. ஓட்டைக்கு நேர் கீழே ஒரு வாளி. நோயாளி எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டாம். போகவும் தெம்பு இருக்காது. படுத்தபடியே போவதெல்லாம் வாளியில் விழும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை செவிலியர் வந்து எத்தனை லிட்டர் என்று அளந்து குறித்துக்கொள்வார். பார்க்க அருவருப்பாக இருக்கும் இந்தக் கட்டில் இல்லாவிட்டால், கடந்த அரை நூற்றாண்டில் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றிய உப்பு சர்க்கரைக் கரைசல் நம் கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. எவ்வளவு போகிறது என்று தெரிந்தால்தானே எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தெரியும்?

வாந்திபேதி என்று நம் பாட்டிமார் பயந்து சொன்ன நோய்தான் காலரா. ஊரையே காலி செய்த நோய். ஆனால் அது ஆளைக் கொல்வது காய்ச்சலாலும் இல்லை, குடல் அழுகியும் இல்லை. உடம்பிலிருக்கும் நீரும் உப்பும் வடிந்துபோவதால்தான். நோய் முற்றினால் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு 1 லிட்டர் வரை போகும். மலம் என்று சொல்லவே முடியாது, அரிசி கழுவிய தண்ணீர்தான். 50 கிலோ எடையுள்ளவர் 5 லிட்டர் இழந்தால் நாடி கைக்குப் பிடிபடாது. காலையில் வயலுக்குப் போனவரை இரவுக்குள் எடுத்துக்கொண்டு போனார்கள் என்ற பழைய கதைகளெல்லாம் மிகையில்லை. குழந்தைக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். கண் குழிவிழும், உச்சிக்குழி உள்வாங்கும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே விலகாமல் நிற்கும், அழுதால் கண்ணீர் வராது.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் தே. காலராக் கிருமியை ராபர்ட் காக் அதே கல்கத்தாவில் 1884-லேயே உறுதிசெய்திருந்தார். அது ஏதோ நஞ்சைச் சுரக்கிறது என்று ஊகிக்கவும் செய்தார். அந்த நஞ்சைக் கையும் களவுமாகப் பிடிக்க 75 ஆண்டுகள் ஆயின. தே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டி, கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் அதற்குள் செலுத்திப் பார்த்தார். கிருமி இல்லை, ஆனாலும் குடல் நீரால் உப்பியது. 1959-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் இவர் பெயரை அந்தப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. தே-யின் பெயரை நம் பள்ளிப் பாடநூல்களில் தேடிப் பாருங்கள், நான் சொல்ல வருவது புரியும்.

குடல் சுவரிலிருக்கும் செல்களுக்குள் அந்த நஞ்சு புகுந்து ஒரு விசையைத் திறந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. செல்லுக்குள் ஒரு செய்தி மூலக்கூறு எக்கச்சக்கமாகக் கூடுகிறது. அதன் ஏவலில் குளோரைடு வெளியே கொட்டுகிறது, அதன் பின்னே சோடியமும் நீரும் போகின்றன. சாதாரணமாகக் குடல் உப்பை உள்ளிழுத்துக்கொள்ளும் வழியும் இதனால் அடைபடுகிறது. ஆகவே வெறும் தண்ணீர் கொடுத்தாலும் பயனில்லை, உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் பயனில்லை. வந்த வழியே போய்விடும். ரத்தக்குழாயில் நேரடியாக சலைன் ஏற்றுவது ஒன்றே வழி என்று மருத்துவ உலகம் நம்பியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் குடல் சுவரில் இன்னொரு கதவு இருக்கிறது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் அதைப் பற்றிச் சொன்னார். குளுக்கோஸ் அந்தக் கதவு வழியாகத் தனியாக உள்ளே போகாது. சோடியத்தையும் கூட அழைத்துக்கொண்டுதான் போகும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 2 சோடியம். குளுக்கோஸும் சோடியமும் உள்ளே போனால் அவற்றைத் தொடர்ந்து நீரும் போகும். காலரா நஞ்சு முதல் கதவைத்தான் கெடுக்கிறது, இந்தக் கதவின் மீது அது கைவைப்பதே இல்லை. குடம் குடமாகக் கொட்டிக்கொண்டிருக்கும் அதே குடல், சர்க்கரையும் உப்பும் சரியான விகிதத்தில் வந்தால் இந்தப் பக்கம் உறிஞ்சிக்கொண்டும் இருக்கும்.

கரைசலில் சர்க்கரை சேர்ப்பது தெம்புக்காக என்றோ குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கட்டும் என்றோ நினைப்பவர்கள் ஏராளம். அதனால்தான் ‘கொஞ்சம் கூடப் போட்டால் என்ன’ என்று அள்ளிப் போடுகிறோம். சர்க்கரை அங்கே சத்தாக வரவில்லை, உப்புக்குத் துணையாக வருகிறது. அதிகமானால், உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் சர்க்கரை உடம்பிலிருந்து நீரைத் தன் பக்கம் இழுக்கும்; போக்கு கூடும். உப்பு அதிகமானால் ரத்தத்தில் சோடியம் ஏறிக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்குத் தலா 75 மில்லிமோல், மொத்தச் செறிவு 245. முன்பு 311 ஆக இருந்ததை 2002-இல் குறைத்தார்கள், நீர்த்த கரைசல்தான் நன்றாக உறிஞ்சப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியதால்.

கிரேன் கதவைக் கண்டுபிடித்ததற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவில் ஒருவர் அதைத் தட்டியிருந்தார். ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர் 1953-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்: 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தியதாக. வாந்தியையும் போக்கையும் கட்டுப்படுத்த அவர் கற்பூரவள்ளி இனத்து இலைச்சாற்றையும் பயன்படுத்தியிருந்தார். உலகம் கண்டுகொள்ளவில்லை. கீழை நாட்டு மருத்துவர், இலைச்சாறு என்ற அலட்சியம் இருந்திருக்கும்தான். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்துவது நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்வதாகும். ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் எவ்வளவு வெளியேறியது, எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கு அவர் கட்டுரையில் இல்லை. ஓட்டைக் கட்டிலும் வாளியும் அவரிடம் இல்லை.

கணக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது 1962-இல் மணிலாவில் தெரிந்தது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் வாய்வழிக் கரைசலைச் சோதித்தபோது 30 நோயாளிகளில் 5 பேர் இறந்துபோனார்கள். கரைசல் அளவுக்கு மீறிச் செறிவாக இருந்தது. மனம் உடைந்த அவர்தான் பின்னால் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக வந்தார். வாய்வழிக் கரைசல் என்றாலே தயங்கினார். அவருக்குக் கீழே வேலை செய்த டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் மருத்துவர்கள் இருவர் 1968-இல் விடாப்பிடியாக மீண்டும் முயன்றார்கள். அவர்கள் புதிதாகச் செய்தது ஒன்றே ஒன்று. வாளியில் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவையும் கரைசலாகத் திருப்பிக் கொடுப்பது. இரவு பகலாக, லிட்டர் லிட்டராக. 29 நோயாளிகளிடம் செய்த அந்தச் சோதனையில் சலைன் தேவை சுமார் 80 சதவீதம் குறைந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இது பலிக்கும் என்று யாரும் நம்பவில்லை. பலிக்குமா என்று ஆற அமரச் சோதித்துப் பார்க்க 1971 இடம் கொடுக்கவில்லை. வங்கதேச விடுதலைப் போரில் சுமார் 1 கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். எல்லையோரம் போங்காவ் நகரத்தைச் சுற்றியிருந்த முகாம்களில் மட்டும் 3.5 லட்சம் பேர். மழைக்காலம். காலரா புகுந்தது. அங்கே போய்ச் சேர்ந்த திலீப் மகலானபிஸ் என்ற குழந்தை மருத்துவர் பார்த்த காட்சியைப் பின்னர் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார்: மருத்துவமனையின் இரண்டு அறைகளிலும் தரையெல்லாம் நோயாளிகள், அவர்களுக்கு சலைன் ஏற்ற வேண்டுமானால் அவர்களின் கழிவிலேயே மண்டியிட வேண்டும். சலைன் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. ஊசி குத்தத் தெரிந்தவர்களும் போதவில்லை.

கல்கத்தாவில் அவர் வேலை செய்த ஆய்வு மையத்தின் நூலக அறை பொட்டலத் தொழிற்சாலையானது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. எடைபோட்டு, பாலித்தீன் பையில் கொட்டி, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். முகாமில் குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் தாயோ, அண்ணனோ, பக்கத்து வீட்டுக்காரரோ கோப்பையில் பிடித்துக் கொண்டுபோய் ஊட்டினார்கள். காலரா சிகிச்சை மருத்துவரின் கையிலிருந்து உறவுக்காரர் கைக்கு மாறியது அங்கேதான். அதுவரை 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு, அவர் பொறுப்பிலிருந்தவர்களிடையே 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. இந்த அனுபவம் அச்சேற 1973 ஆனது. முறையான ஒப்பீட்டுச் சோதனை இல்லையே என்பது மருத்துவ உலகப் பெரியவர்களின் குறை. மகலானபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் அதற்கடுத்த ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது.

1978-இல் ‘லான்செட்’ தலையங்கம் இதை இருபதாம் நூற்றாண்டின் ஆகப் பெரிய மருத்துவ முன்னேற்றமாகவே கருதலாம் என்கிற அளவுக்குப் போனது. அந்தத் தலையங்கம் வந்த நாளில், கரைசலைக் கண்டுபிடித்த அதே வங்கதேசத்தின் கிராமங்களில் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். தாய்மார்களுக்குக் கரைசல் தெரியாது. தெரிந்தாலும் பொட்டலம் கிடைக்காது. ஏழை நாட்டு மருத்துவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்போடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ இதற்குப் பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது.

ஃபஸ்லே ஹசன் அபெத் மருத்துவரல்லர். லண்டனில் கணக்கியல் படித்து, ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் சிட்டகாங் அலுவலகத்தில் நிதிப் பொறுப்பிலிருந்தவர். போர் முடிந்ததும் லண்டனிலிருந்த தன் வீட்டை விற்ற பணத்தோடு, ஊர் திரும்பும் அகதிகளுக்காக சுல்லா என்ற ஒதுக்குப்புறத்தில் 1972-இல் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். ‘பிராக்’ என்ற பெயரில் அது பின்னாளில் உலகின் மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1979-இல் அதே சுல்லாவில் அபெத்தும் அவருடைய ஆட்களும் ஒரு கேள்வியோடு உட்கார்ந்தார்கள். பொட்டலமும் தராசும் ஸ்பூனும் இல்லாமல், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் இந்தக் கரைசலைச் சரியாகச் செய்ய முடியுமா?

கைதான் அளவுகோலானது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் முதல் கணு வரை எடுக்கிற ஒரு சிட்டிகை உப்பு. ஒரு பிடி வெல்லம். அரை சேர் தண்ணீர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர். வெல்லத்தைத் தேர்ந்ததில் ஒரு லாபமும் இருந்தது: பேதியில் உடம்பு இழக்கும் பொட்டாசியம் வெல்லத்தில் கொஞ்சம் உண்டு, வெள்ளைச் சர்க்கரையில் கிடையாது. ஆளுக்கு ஆள் கை வேறுபடுமே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நியாயமான கேள்விதான். அதனால் தாய்மார்கள் கலந்த கரைசலைக் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்தில் உப்பின் அளவைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்றாகப் பழகிய கை பெரும்பாலும் பாதுகாப்பான எல்லைக்குள்தான் நின்றது.

1980-இல் இளம்பெண்கள் குழு குழுவாகக் கிளம்பினார்கள். ஊர் ஊராக நடந்துபோய் முகாமிட்டுத் தங்கி, வீடு வீடாகத் தாயின் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். மொத்தம் 10 குறிப்புகள், பின்னர் அது 7 ஆகக் குறைந்தது. வயிற்றுப்போக்கு என்றால் என்ன, உடம்பு வறள்வதை எப்படிக் கண்டுகொள்வது, கரைசலைக் கலப்பது எப்படி, எவ்வளவு கொடுப்பது, சோற்றையும் தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது, இப்படி. முதலில் பணியாளர் கலந்து காட்டினார், தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சரிப்படவில்லை. தாயே உப்பை எடுத்து, தாயே வெல்லத்தைப் பிடித்து, தாயே கலக்க வேண்டும் என்று மாற்றினார்கள். சிட்டிகை பெரிதானால் அங்கேயே திருத்தினார்கள்.

அடுத்து வந்ததுதான் கணக்கருக்குத் தோன்றிய யோசனை. சொல்லிக்கொடுத்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, வேறு ஆட்கள் அந்த ஊருக்குப் போவார்கள். சொல்லிக்கொடுத்த வீடுகளில் சிலவற்றைக் குலுக்கலாகத் தேர்ந்து கதவைத் தட்டுவார்கள். அந்தக் குறிப்புகளைச் சொல்லச் சொல்வார்கள், கரைசலைக் கலந்து காட்டச் சொல்வார்கள். எல்லாம் நினைவிருந்து, கரைசலும் சரியாக இருந்தால் ‘ஏ’. குறைந்தால் ‘பி’, ‘சி’. மோசமானால் ‘டி’. மதிப்பெண் தாய்க்கு, சம்பளம் பணியாளருக்கு. ‘ஏ’ வாங்கிய தாய்க்கு அதிகத் தொகை, ‘டி’ என்றால் ஒன்றும் இல்லை. எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை. தாயின் தலையில் என்ன தங்கியது என்று மட்டும் கேட்டார்கள்.

நம் ஊர்ப் பக்கம் நடக்கும் இலவச மருத்துவ முகாம்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பந்தல், பேனர், தலைவர் படம், ரத்த அழுத்தம் பார்க்க வரிசை, பத்து நாளைக்கு மாத்திரை. மறுநாள் செய்தித்தாளில் ‘500 பேர் பயனடைந்தனர்’. அந்த 500 பேரில் எத்தனை பேர் பதினோராம் நாள் மாத்திரை சாப்பிட்டார்கள்? கேட்டால் கோபம் வரும். இலவசமாகச் செய்கிறவர்களைக் கணக்குக் கேட்பது நன்றிகெட்டதனம் என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. முகாம் நடத்துகிறவர்களின் நல்ல மனசை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அபெத் தன் ஆட்களுக்கு வைத்த பரீட்சையை நம்முடைய எந்த முகாமுக்கு வைத்தாலும் ‘சி’ தாண்டுவது கஷ்டம்.

அந்தப் பரீட்சையிலேயே ‘பிராக்’கும் ஒரு முறை தோற்றது. தாய்மார்கள் குறிப்புகளைக் கடகடவென்று ஒப்பித்தார்கள், கரைசலும் சரியாகவே கலந்தார்கள். ஆனால் குழந்தைக்குப் போக்கு வந்தபோது அதைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. ஏன் என்று விசாரிக்க ஆய்வாளர்களை அனுப்பினார்கள். விசாரணையில் வந்த முதல் பதில் தலைமையகத்துக்கே அதிர்ச்சி: சொல்லிக்கொடுத்த பெண்களுக்கே கரைசலில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். உப்பும் வெல்லமும் மருந்தாகுமா? அதுவும், குடித்த பிறகும் போக்கு நிற்கவில்லையே!

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இந்தக் கரைசல் போக்கை நிறுத்தாது. கிருமியையும் கொல்லாது. உடம்பு வறண்டு சாகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்; போக்கு தானாக அடங்கும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கும். கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கும் குழந்தைக்கு இன்னும் தண்ணீர் கொடு என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் மனசு ஒப்பாது. ‘தண்ணி குடுத்தா இன்னும் போகும்’ என்று நம் வீட்டிலும் சொல்வார்கள்தானே. ஊசி, மாத்திரை என்றால் ஏதோ செய்தோம் என்றிருக்கும்.

பணியாளர்களை டாக்காவுக்கு அழைத்துவந்து, கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். துவண்டு கிடந்த நோயாளி எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனவர்களின் பேச்சில் வேறு ஒரு உறுதி வந்தது. இரண்டாவது பதில் இன்னும் எளிது. அடுப்படியில் தாயிடம் மட்டும் பேசிவிட்டு வந்தார்கள். வீட்டில் முடிவெடுக்கிற ஆணிடமும் மாமியாரிடமும் யாரும் பேசவில்லை. பிறகு சந்தையில், மசூதியில், பள்ளிக்கூடத்தில் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். பயன்பாடு ஏறத் தொடங்கியது. 1990-இல் திட்டம் முடிந்தபோது 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் நேருக்கு நேர் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இன்று வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு வரும் குழந்தைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் இந்தக் கரைசலைப் பெறுகிறார்கள். பொட்டலம் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது.

1980 வாக்கில் உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 46 லட்சம் சிறு குழந்தைகளை வயிற்றுப்போக்கு கொன்றது. இப்போது 5 வயதுக்குட்பட்டோர் இறப்பு ஆண்டுக்குச் சுமார் 4.4 லட்சம். முழுப் புகழையும் கரைசலுக்கே எழுதிவைப்பது தவறு. குடிநீர், கழிப்பறை, தாய்ப்பால், தட்டம்மைத் தடுப்பூசி எல்லாம் கூடியிருக்கின்றன. ரோட்டா வைரஸ் தடுப்பூசி இந்தியாவின் அரசுத் திட்டத்தில் 2016-இல் சேர்ந்தது. இந்தியாவிலேயே உருவான அந்தத் தடுப்பூசியின் பெரிய சோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூர் ஒன்று. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ககன்தீப் காங் இந்த வைரஸோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர்.

நோய் வந்த பின் உயிரைக் காப்பதைப் பேசினோம். வராமல் தடுப்பதிலும் அதே வங்கதேசக் கிராமத்துப் பெண்களின் கைப்பொருள் ஒன்று உதவியிருக்கிறது: பழைய பருத்திப் புடவை. காலராக் கிருமி குளத்து நீரில் தன்னந்தனியாக மிதப்பதைவிட, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற நுண்ணிய மிதவை உயிரிகளின் உடலில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்க விரும்புகிறது. கிருமியைத் துணியால் வடிகட்ட முடியாது. அது ஒட்டியிருக்கும் உயிரியை வடிகட்டலாம். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கால்வெல்லும், அன்வர் ஹக்கும் அவர்களுடைய கூட்டாளிகளும் மத்லப் பகுதியின் 65 கிராமங்களில் சோதித்து 2003-இல் வெளியிட்ட முடிவு: புடவையைக் குறைந்தது நாலாக மடித்து வடிகட்டிய தண்ணீரைக் குடித்தவர்களிடையே காலரா 48 சதவீதம் குறைந்தது. புதுப் புடவை ஆகாது. துவைத்துத் துவைத்து இழை தளர்ந்து பஞ்சு பிசிறிய துணியில்தான் கண்கள் சிறுத்திருக்கும். சில ஆண்டுகள் கழித்து அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது 31 சதவீதப் பெண்கள் இன்னும் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். இதைக் குறைவு என்பவர்களும் உண்டு. யாரும் வற்புறுத்தாமல், சம்பளமும் தராமல், மூன்றில் ஒருவர் தொடர்ந்தார் என்பதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். திரும்பிப் போய்ப் பார்த்தார்களே, அதையும் சேர்த்து.

இந்தியாவில்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்தக் கரைசலைப் பெற்றவர்கள் 61 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் 51. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பொட்டலம் இலவசம். கூடவே துத்தநாக மாத்திரையும் தருகிறார்கள். 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்றதும் அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். அது அடுத்த தடவைக்கும் சேர்த்துக் காப்பு. பொட்டலத்தையும் முழுசாக 1 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் பாதி கொட்டி, மீதியை மடித்து வைத்தால் விகிதம் கெட்டது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பொட்டலம் இல்லாத நேரத்தில் 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு போட்ட கஞ்சியும் நல்லதே. அரிசியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாகப் பிரிவதால் கரைசலின் செறிவைக் கூட்டாமல் அந்த இரண்டாவது கதவுக்கு வேண்டியதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காலராவில் அரிசிக் கரைசல் போக்கின் அளவையே குறைப்பதாக ஆய்வுகள் உண்டு.

மருந்துக்கடையில் இன்னொரு தொல்லை இருந்தது. அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைச் சுமந்துகொண்டு, உண்மையான பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தன. சர்க்கரை பல மடங்கு, சோடியம் போதாது. பேதிக்காரக் குழந்தைக்கு அவை என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். ஹைதராபாதைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை இத்தகைய பானங்களில் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது.

பொட்டலம் இருக்கிறது, மலிவு, இலவசம்கூட. பிறகும் ஏன் 61? கர்நாடகத்திலும் பிகாரிலும் 253 ஊர்களில் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் சிகிச்சையாளர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. பயிற்சி பெற்ற நடிகர்கள், வீட்டில் 2 வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி மருந்து கேட்டுப் போனார்கள். மருத்துவர்களுக்குக் கரைசல்தான் சரியான சிகிச்சை என்று தெரியும். தெரிந்தும் பலர் அதை எழுதவில்லை. ஆன்டிபயாடிக் எழுதினார்கள். மருந்து விற்றால் லாபம் என்பதாலா? அது சிறு காரணம்தான். சரக்கு இல்லாததாலா? அதுவும் சிறு காரணமே. எழுதாமல் விட்டதில் 42 சதவீதத்துக்கு ஆய்வாளர்கள் கண்ட விளக்கம், ‘வருகிறவர்கள் இதை விரும்ப மாட்டார்கள்’ என்று மருத்துவர்களே நினைத்துக்கொண்டது. உப்பும் சர்க்கரையும் எழுதிக்கொடுத்தால் இவன் ஒரு டாக்டரா என்பார்கள் என்ற பயம். ஆனால் குழந்தைகளை வைத்திருப்பவர்களைத் தனியே கேட்டபோது கரைசல் வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவர்களும் அப்படியே. ஆய்வின் ஒரு பகுதியில், நடிகர்களில் சிலர் செல்போனில் இருந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் படத்தை மருத்துவரிடம் காட்டி, இது கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அவர்களுக்குக் கரைசல் எழுதிக்கொடுத்தது 27 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது.